கடையின் பின்னறையில் ஒரு பள்ளி

பட்டம் பெறுவது மட்டுமே கல்வியன்று. அன்றாட வாழ்வில் பிறர் கையை எதிர்பாராது நிற்கும் ஆற்றலும் கல்வியே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு.

தென் கரோலினா மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு பெற விரும்பும் எளியோர், அரசியல் சட்டப் பகுதியொன்றைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்தறியாக் கறுப்பின மக்களுக்கு இதுவே தடைச்சுவர். ஜான்ஸ் தீவில் பேருந்து ஓட்டிய ஏசா ஜென்கின்ஸ், தம் பயணிகளுக்கு அப்பகுதியைக் கற்பித்து வந்தார். 1957 ஜனவரி 7ஆம் நாள் அத்தீவில் கூட்டுறவுக் கடையொன்றின் பின்னறையில் இரவுப் பள்ளி தொடங்கிற்று. வெள்ளையரின் ஐயப்பார்வையிலிருந்து முன்புறக் கடை அதனை மறைத்தது.

வந்தோர் 14 பேர், பகலெல்லாம் உழைத்தவர்கள். கற்பித்த பெர்னிஸ் ராபின்சன் அம்மையார் சிகையலங்காரத் தொழிலாளி. கற்றவர் என்ற செருக்கின்றிப் பழகுவார் என்றே அவரைத் தேர்ந்தனர். தாமும் சேர்ந்து கற்கவே வந்ததாக அவர் கூறினார். பெயரெழுதுதல், மணியார்டர் படிவம் நிரப்புதல் என அவர்கள் வேண்டியவையே பாடங்களாயின. 1958இல் அவர்களுட் பலர் வாக்குரிமை பெற்றனர். செப்டிமா கிளார்க் அம்மையாரின் உழைப்பால் இத்தகைய பள்ளிகள் தென்மாநிலங்களில் பரவின.

கைநாட்டு வைத்து நிலமிழந்த தலைமுறைகளை நாமும் அறிவோம். இளைஞர்களே! வங்கிப் படிவமும் பட்டா விண்ணப்பமும் நிரப்ப உங்களை நாடி வருவோருக்கு எழுதிக் கொடுப்பதோடு நில்லாதீர்கள். மாலைதோறும் அருகமர்ந்து அவர்களே எழுதக் கற்பியுங்கள். அவர்களிடம் உள்ள தொழிலறிவை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். நம் சங்கத்தின் அடுத்த பணி அதுவேயாகட்டும்.