சந்தை நகரில் ஒரு தமிழர் சுவடு

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்டு குன்றுகளிடையே அமைந்தது சிப்பிங் கேம்டன். ஒரு பகலில் நடந்து காணத்தக்க சிறு நகர். 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்ததாகும்.

இடைக்காலத்தில் அந்நகரை வாழ்வித்தது கம்பளி வாணிகம். 1401-இல் மறைந்த பெருவணிகர் வில்லியம் கிரெவலின் கல்வீடு இன்றும் நெடுந்தெருவில் நிற்கின்றது. அத்தெருவின் நடுவே, 1627-இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டுவித்த சந்தை மண்டபம். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் கோழியும் விற்போர் மழைக்கு ஒதுங்க எழுந்தது அது.

கம்பளி வாணிகம் நலிந்தபின் நகரும் ஒடுங்கிற்று. 1902-இல் ஆஷ்பி என்பார் தம் கைவினைஞர் சங்கத்தை இலண்டனிலிருந்து அங்குக் கொணர்ந்தார். எந்திரப் பொருள்களின் மலிவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1908-இல் அச்சங்கம் கலைந்தது.

நகரிலிருந்து வயல்வழியே ஏறத்தாழ ஒரு மைல் நடந்தால் பிராட் கேம்டன் சிற்றூர். அங்கே பாழடைந்து கிடந்த நார்மன் காலத்துச் சிற்றாலயத்தை ஆஷ்பி வீடாகப் புதுக்கித் தந்தார். அதில் வாழ்ந்தவர் யார்? கொழும்பில் பிறந்தவரும், ஈழத்துத் தமிழரான சர் முத்துக் குமாரசாமியின் மைந்தருமாகிய ஆனந்த குமாரசாமியே! சங்கத்தின் அச்சகத்தை ஏற்று நடத்திய அவர், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலைக் கையச்சுப் பொறியில் அச்சிட்டு 1908-இல் வெளியிட்டார்.

ஆங்கிலக் கைவினைஞர் சங்கம் கலைந்த அதே ஆண்டில், அருகிவந்த இலங்கைக் கைவினைக்கு ஏடு ஒன்று பிறந்தது. ஆண்டவர் நாட்டுக் கைத்தொழிலையும் ஆளப்பட்டவர் நாட்டுக் கைத்தொழிலையும் ஆலைத்தொழில் ஒருங்கே நலித்தது என்பதற்கு அச்சிற்றூரே சான்று.