யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளும் விடுமுறையும்

பத்திரிகைகளை வரலாற்றுச் சான்றாகப் புரட்டுபவர்கள் முதற்பக்கத்தையும் ஆசிரியர் தலையங்கத்தையும் தேடிப் போவதே வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் வேறொன்றைச் சொல்வேன். உட்பக்கத்திலே வரும் பிறந்தநாள் வாழ்த்துகளைப் படியுங்கள். ஒரு வயதுப் பிள்ளையின் படம். அதன் கீழே அப்பா, அம்மா, அம்மம்மா, அப்பப்பா, பெரியப்பாமார், சித்திமார், மாமாமார், மச்சான், மச்சாள் என்று நீளும் ஒரு வரிசை. 1970களில் அந்த வரிசையில் உறவினரின் பெயருக்குப் பக்கத்தில் அளவெட்டி, கரவெட்டி, கோண்டாவில், மிஞ்சினால் கொழும்பு என்று இருக்கும். 1983இன் பின்னர் ஜேர்மனியும் பிரான்ஸும் சுவிஸும் நோர்வேயும் லண்டனும் கனடாவும் வந்து சேர்ந்தன. பிள்ளையின் படம் மட்டும் மாறவில்லை. அதே கொழுத்த கன்னம், அதே கறுத்தப் பொட்டு. எமது சமூகம் சிதறிய கதையை ஆய்வாளர்கள் எழுதுவதற்கு முன்னரே அம்மம்மாக்கள் விளம்பரமாகக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று நாம் பிறந்தநாள் என்று சொல்வது திகதிக் கணக்கில் வரும் நாள். யாழ்ப்பாணத்தில் அது பழைய வழக்கம் அன்று. எமது பாட்டன், பாட்டி காலத்தவர் பலருக்குத் தாம் பிறந்த மாதமும் நட்சத்திரமும் தெரியும்; திகதி தெரியாது. அந்த நாள் வந்தால் பிள்ளையை முழுகவார்த்து, கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஓர் அர்ச்சனை; வீட்டிலே மரக்கறிச் சமையலோடு பாயசம். அவ்வளவுதான். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைக்கொள்ளும் வீடுகளும் திருக்கணித பஞ்சாங்கத்தைக் கைக்கொள்ளும் வீடுகளும் குடாநாட்டில் அயல் அயலாக இருந்தன. நட்சத்திரம் மாறும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது. தாய்வழியார் ஒரு நாளும் தந்தைவழியார் மறுநாளும் அர்ச்சனை செய்வித்த பிள்ளைகளை நான் அறிவேன். பிள்ளைக்கு நட்டமில்லை, இரண்டு பாயசம்.

உண்மையில் அந்நாளில் கொண்டாடப்பட்டது பிள்ளை பிறந்த நாளை விடப் பிள்ளை வளர்ந்த படிகளே. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. பின்னர் முதற்பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை. தமிழகத்து வாசகர் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் நறுக்கிக் கொழுக்கட்டையின் ஓரத்திலே பதித்து அவிப்பார்கள். பிள்ளையை வெள்ளைத் துணியின் மேல் இருத்தி, தலையிலே கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டத்திலே புத்தகம், பேனை, நகை, காசு இருக்கும். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். புத்தகம் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்திலும் மற்றவை சற்றுத் தள்ளியும் வைக்கப்படுவது யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் கைவண்ணம். பின்னர் காதுகுத்து, விசயதசமியில் ஏடு தொடக்கல். இவற்றில் எதற்கும் திகதி தேவைப்படவில்லை.

திகதியைக் கொண்டுவந்தவை பதிவேடுகள். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் திருமுழுக்கும் திருமணமும் பதியப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவும், ஓய்வூதிய வயதைக் கணிக்கவும் ஒரு திகதி வேண்டியிருந்தது. மேசையில் கேக் வந்ததற்கு முன்னர் கந்தோரிலே கோப்பு வந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

விடுமுறையின் கதையும் ஏறக்குறைய இதுதான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் விடுமுறை நாளுக்கு வாவு என்று பெயர். அமாவாசையும் பூரணையும் அதற்குரிய நாட்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினறியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கியபோது, பிள்ளைகள் விடுதியிலே தங்கிப் படிக்க நேர்ந்தது. வீட்டை விட்டுப் பிரிந்திருப்பவனுக்கே வீட்டுக்குப் போகும் நாள் என்று ஒன்று உண்டு. பின்னாளில் சித்திரை, ஆவணி, மார்கழி எனத் தவணை விடுமுறைகள் நிலைபெற்றன. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவருக்காக எழுதிய பாடலை அறியாத ஈழத்தவர் அரிது. அதிலே பிள்ளைகளின் மகிழ்ச்சி, கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் முன்னதாக, மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை என்பதிலேயே தொடங்குகிறது. புலவர் 1953இல் மறைந்தார். இன்று ஆடிப்பிறப்பு பொது விடுமுறை நாள் அன்று. பாடல் மட்டும் பாடசாலையில் படிப்பிக்கப்படுகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் விடுமுறை என்பது பிள்ளையின் விடுமுறை அன்று, தகப்பனின் விடுமுறை. நீர் குறைந்த குடாநாடு தன் ஆண்மக்களை எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் மலாயாவுக்கும் கொழும்புக்கும் அனுப்பியது. மனைவி மக்கள் ஊரில்; தகப்பன் கொழும்பிலே நாலைந்து பேருடன் ஒரு சமறியில். மாதம் ஒரு காசுக்கட்டளை வீட்டுக்கு வரும். அரசாங்க உத்தியோகத்தருக்கு இலவசமாகப் புகையிரதத்தில் போய்வர ஆண்டுக்குச் சில வொறண்டுகள் கிடைக்கும். அவற்றைச் சித்திரை வருடப்பிறப்புக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் எனப் பங்கிட்டு வைப்பார்கள். 1905இல் வடக்குப் பாதை முழுமையடைந்திராவிட்டால் இந்த வாழ்க்கைமுறை இவ்வளவு வேரூன்றியிராது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும், காலையிலே கொழும்புக் கோட்டையில் ஏறியவர் பிற்பகலில் பிள்ளையைத் தூக்கிவிடலாம் என்றாயிற்று.

தகப்பன் வரும்போது பெட்டியிலே புறக்கோட்டையில் வாங்கிய அப்பிளும் முந்திரிகையும் இருக்கும். திரும்பும்போது அதே பெட்டியிலே கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பனாட்டும் முருங்கைக்காயும். இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் குடும்ப வாழ்க்கை முழுவதும் நடந்து முடியவேண்டும். கீரிமலைக் கேணியில் குளிப்பு, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு நாகபூசணி அம்மன், காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, நல்லூர் வீதியில் கச்சான். பிறந்த திகதி தையிலோ ஐப்பசியிலோ இருக்கும் பிள்ளைக்கு, அப்பா நிற்கும் சித்திரையிலேயே கேக் வெட்டிய வீடுகளும் இருந்தன. நட்சத்திரத்துக்கும் திகதிக்கும் இல்லாத அதிகாரம் வொறண்டுக்கு இருந்தது. அப்பா வராத ஆண்டுகளில் இலங்கை வானொலிக்கு ஓர் அஞ்சலட்டை போகும். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் தன் பெயர் வாசிக்கப்படும் என்று பிள்ளை வானொலிப் பெட்டிக்கு முன்னால் காத்திருக்கும்.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுத எனக்கு மனமில்லை. காசுக்கட்டளை வந்த வீடுகளின் கதை இது. தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பது வெங்காயமும் புகையிலையும் நிற்கும் நிலத்திலே கூடுதலாக ஒரு கை. திருவிழா பார்க்கப் போனால் வெளிவீதியோடு நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். நான் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தின் நடுவிலே. கேக்கும் எல்லா வீட்டிலும் வேகவில்லை. 1970களின் நடுப்பகுதியில் மாவுக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு. பாணுக்கே வரிசையில் நின்றோம். அந்த ஆண்டுகளிலே என் வயதுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் மீண்டும் பாயசத்துக்குத் திரும்பியது.

1990 ஜூன் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கான கடைசிப் புகையிரதம் ஓடியது. அத்தோடு தகப்பனின் விடுமுறை முடிந்தது. மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையில் மெழுகுதிரி, பற்றரி, சவர்க்காரம், எரிபொருள், சீமெந்து எல்லாம் அடங்கின. மெழுகுதிரி ஏன் தடைசெய்யப்பட்டது என்று அந்நாளில் பலரும் கேட்டனர். நான்கு வயதுப் பிள்ளையும் கேட்டது. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தலில் திரி வைத்து விளக்குச் செய்தோம். கேக் போட விரும்பியவர்கள் சட்டியிலே மணலைப் பரப்பி, மேல்மூடியிலே சிரட்டைத் தணல் போட்டு வேகவைத்தார்கள். அடி கருகினாலும் கேக் கேக்தான். ஆனால் ஊதி அணைக்க என்ன இருக்கிறது? விளக்கை வாயால் ஊதி அணைப்பது எமது வீடுகளில் அமங்கலம். ஆகவே குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் கேக்கை வெட்டினார்கள். மெழுகுதிரித் தடை ஒரு புதிய சடங்கையே உண்டாக்கிவிட்டது. பொம்பர் சத்தம் கேட்டால் கேக்கை மூடிவைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்குவார்கள். பின்னர் மேலே வந்து மிச்சப் பாட்டைப் பாடுவார்கள்.

பத்திரிகைகள் அப்போது கோடு போட்ட கொப்பித்தாளிலும் நிறத்தாளிலும் அச்சாயின. பக்கங்கள் சுருங்கின. இடம் இருந்தது மரண அறிவித்தல்களுக்கு. பிறந்தநாள் வாழ்த்துகள் அருகிப்போயின. வெளியூர்ப் பயணம் என்றால் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகில் கடப்பது. அதிலே போனவர்கள் பலர் கடலிலேயே கொல்லப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் நாவற்குழி வழியே தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். உரப்பைகளுக்குள் அவர்கள் பத்திரப்படுத்தியவற்றுள் முதன்மையானது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பிறந்தநாள் படங்கள் சுவரிலேயே நின்றன. திரும்பி வந்தபோது பலருக்குச் சுவரும் இருக்கவில்லை.

2002 ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 வீதி திறக்கப்பட்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. அந்த ஆண்டு ஆவணியிலும் அடுத்த ஆண்டுகளிலும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் குடும்பங்கள் சிறு பிள்ளைகளோடு நல்லூருக்கு வந்தன. தொலைபேசியிலே மட்டும் கேட்ட அம்மம்மாவைப் பிள்ளைகள் நேரிலே கண்டார்கள். கிணற்றில் துலாவும் கப்பியும், முற்றத்தில் கோழி, இரவிலே பல்லிச் சத்தம் என எல்லாமே அவர்களுக்கு அதிசயம். ஐந்து வயதில் வந்த பேரனுக்கு, பார்க்காத நான்கு பிறந்தநாள்களையும் சேர்த்து ஒரே நாளில் கொண்டாடிய ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஐந்து கேக்குகள். கடைசிக் கேக்கை வெட்டும்போது பையன் நித்திரையாகிவிட்டான். அம்மம்மா விடவில்லை, அவன் கையைப் பிடித்துத் தானே வெட்டினார்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் மீண்டும் போர் மூண்டது. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வீதி அடைபட்டது, பலாலி விமானத்தளம் எறிகணைத் தாக்குதலுக்குள்ளாகி விமானமும் இல்லை, ஊரடங்குச் சட்டம் வேறு. விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக் குடும்பங்கள் குடாநாட்டில் அகப்பட்டுக்கொண்டன. மாத இறுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்புடன் கப்பலில் அவர்களிற் பலர் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கடவுச்சீட்டு உள்ள பேரப்பிள்ளை ஏறியது. அடையாள அட்டை மட்டும் உள்ள அம்மம்மா கரையில் நின்றார். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்தவர்களை இரண்டு ஆவணங்கள் பிரித்த அந்தக் காட்சியை வரலாற்று நூல்களில் தேடினால் கிடைக்காது.

யாழ்தேவி 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. கசூரினாவில் மீண்டும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். காங்கேசன்துறைக் கரையிலே இராணுவம் நடத்தும் தல்செவன என்ற விடுமுறை விடுதி எழுந்தபோது, சுற்றியிருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குச் சொந்தக்காரரான குடும்பங்கள் 1990இலிருந்து வெளியே இருந்தன. காணிகளில் ஒரு பகுதி பின்னர் விடுவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்தவர்கள் விடுமுறை கழித்த கடலிலே, அக்கடலோடு பிறந்தவர்களுக்குக் கால் நனைக்கவும் அனுமதி வேண்டியிருந்த ஆண்டுகளை நான் பார்த்தேன்.

பிறந்தநாள் இப்போது மண்டபத்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டில் உள்ள மாமா இணையத்தில் பணம் கட்டினால், கேக்கும் பலூனும் பரிசும் ஊர் வீட்டுக் கதவடிக்கு வருகின்றன. இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறந்தநாளுக்காக வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சிறுவர் இல்லம் ஒன்றுக்கு ஒருநாள் உணவுச் செலவைக் கொடுப்பார்கள். நல்ல எண்ணந்தான், அந்தப் பணத்தில் வயிறு நிறைகிறது, நான் அதைக் குறைத்துப் பேசேன். ஆனால் இல்லத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று முகமறியாத ஒரு பிள்ளைக்கு வாழ்த்துப் பாட, அதைப் படமெடுத்து அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. பாடுகின்ற பிள்ளைகளுள் தாய் தந்தையரைப் போரில் இழந்து, பிறந்த திகதியைச் சொல்ல யாருமில்லாதவர்களும் இருந்தார்கள். சாப்பாட்டைக் கொடுங்கள், படத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டவர்களிடம் சொல்லிவருகிறேன். சிலர் கேட்டார்கள்.

நட்சத்திரமும் போய்விடவில்லை. ரொறன்ரோவில் பிறந்த பேத்திக்கு ஊரிலே அர்ச்சனை செய்யும் அம்மம்மாமார் நிறையப் பேர். நட்சத்திரம் மாறுவது உலகுக்கெல்லாம் ஒரே கணத்தில். ஆனால் அந்தக் கணம் இங்கே ஒரு திகதியிலும் அங்கே முந்திய திகதியிலும் விழுந்துவிடும். மகள் கனடாவுக்குக் கணித்த நாட்காட்டியைப் பார்த்து வியாழன் என்கிறார், தாய் இரகுநாதையரைப் பார்த்து வெள்ளி என்கிறார். தொலைபேசியிலே நெடுநேரம் இது நடக்கிறது. அண்மையில் கோயிலடியில் சந்தித்த ஓர் அம்மா, எதற்கும் இரண்டு நாளும் செய்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, அர்ச்சனைச் சீட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.