அம்ரிதா ஷேர்கில்: தூரிகையும் குடும்பமும்

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பது நம் மக்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. தச்சன் மகன் உளி பிடிப்பதும், நாகசுர வித்துவானின் மகன் சீவாளியைக் கையிலெடுப்பதும் நாம் கண்டு பழகியவை. ஆனால் தாயும் தந்தையும் ஓவியராக இல்லாத ஒரு வீட்டில் பேரோவியர் ஒருவர் தோன்றினால், அதில் குடும்பத்தின் பங்கு யாது? அவருக்குப் பின் வந்த தலைமுறை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண ஏற்றதொரு வரலாறு அம்ரிதா ஷேர்கில் அம்மையாருடையது. தமிழராகிய நமக்கு அது இருவகையில் நெருக்கமானது. அவருடைய ஓவியப் பாணியில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியது அவர் மேற்கொண்ட தென்னாட்டுப் பயணம். அவர் குடும்பத்தின் கலைச் செல்வத்தைக் கட்டிக்காத்த வாரிசோ, சுந்தரம் என்னும் பெயர் தாங்கியவர்.

பிறந்த வீடு

அம்ரிதா 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீத்தியா குடியைச் சேர்ந்த சீக்கியப் பிரபு. வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாய் மரி அந்துவானெத் ஹங்கேரியப் பெண்மணி, இசையில் தேர்ந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தை ஹங்கேரியில் கழித்த குடும்பம் 1921இல் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறியது.

உம்ராவ் சிங் தூரிகை பிடித்தவரல்லர். ஆனால் புகைப்படக் கருவியை ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் கைவிடாதவர். மனைவியையும் மக்களையும் மட்டுமின்றித் தம்மையும் வெவ்வேறு கோலங்களில் அவர் படம்பிடித்துக்கொண்டே இருந்தார். ஆகவே, ஓர் உருவம் எவ்வாறு நிற்க வேண்டும், ஒளி எங்கிருந்து விழவேண்டும், தன்னைத் தானே பிறர்போல் நோக்குவது எங்ஙனம் என்பனவெல்லாம் அவ்வீட்டுப் பெண் குழந்தைகள் இருவருக்கும் விளையாட்டாகவே பழகிப்போயின. பின்னாளில் அம்ரிதா தீட்டிய பல தன்னுருவ ஓவியங்களுக்கு வித்து இங்கேயே இடப்பட்டது எனலாம்.

நேரடியான ஓவிய அறிவுரை தாய்மாமனிடமிருந்து வந்தது. எர்வின் பக்தாய் என்னும் அவர் இளமையில் ஓவியம் பயின்று, பின்னர் இந்தியவியல் அறிஞராக மாறியவர். 1926இல் சிம்லா வந்தபோது, கற்பனையாக வரைவதை விட்டு, உயிருள்ள மனிதரை எதிரே அமர்த்தி வரையுமாறு மருமகளுக்கு வற்புறுத்தினார். வீட்டுப் பணியாளர்களே முதல் மாதிரிகளாயினர். எளிய மக்களின் முகங்களை அம்ரிதாவின் கண் ஊன்றிப் பார்க்கத் தொடங்கியது அன்றுதான்.

பாரிஸ் முதல் சிம்லா வரை

1929இல் மகளின் கல்விக்காகவே குடும்பம் பாரிஸ் நகருக்குப் பெயர்ந்தது. அங்குள்ள புகழ்பெற்ற கலைப்பள்ளியில் லூசியன் சிமோன் என்னும் ஆசிரியரிடம் அம்ரிதா பயின்றார். அக்காலத்து ஓவியங்களில் ஐரோப்பிய மரபுக்குரிய ஒளி நிழற் பகுப்பும், உடலின் திரட்சியும் தெளிவாகத் தெரிகின்றன. 1932இல் அவர் தீட்டிய ‘இளம் பெண்கள்’ பெரும்பாராட்டைப் பெற, மறு ஆண்டில் பாரிஸ் கலைக் கழகம் ஒன்று அவரைத் துணை உறுப்பினராக்கியது. அப்படத்தில் மாதிரியாக அமர்ந்தவருள் ஒருவர் தங்கை இந்திரா. இங்கும் குடும்பமே உடன் நின்றது.

புகழ் வாயிலைத் தட்டிய அவ்வேளையில், 1934ஆம் ஆண்டின் இறுதியில், அவர் இந்தியா திரும்பினார். 1935இல் தீட்டிய ‘மலைநாட்டு ஆடவர்’, ‘மலைநாட்டு மகளிர்’, ‘மூன்று பெண்கள்’ ஆகியவற்றில் ஒரு புதிய அமைதி குடிகொண்டுள்ளது. உருவங்கள் நீண்டு ஒடுங்குகின்றன; கண்கள் எதையும் வேண்டாமல் தாழ்ந்திருக்கின்றன. கோகன் என்னும் பிரெஞ்சு ஓவியரின் செல்வாக்கு இவற்றில் உண்டு என்பது அறிஞர் கருத்து. பொருள் இந்தியாவினது, பார்வை இன்னும் பாதி பாரிஸினது எனலாம்.

தென்னாட்டுப் பயணம்

அந்த மீதிப் பாதியை மாற்றியது 1936ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய பயணம். பம்பாயில் கலை அறிஞர் கார்ல் கண்டாலாவாலாவின் நட்பு வாய்த்தது. அவர் வாயிலாகப் பஹாரி, முகலாயச் சிற்றோவியங்களின் அருமையை அம்ரிதா உணர்ந்தார். பின்னர் அஜந்தா, எல்லோராக் குகைகளைக் கண்டார். ஐதராபாத்தைக் கடந்து தெற்கே இறங்கித் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி முதலிய இடங்களுக்குச் சென்றார். கன்னியாகுமரி அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதி. 1956இல்தான் அது தமிழகத்தோடு இணைந்தது. கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைக் கண்டு வியந்து, அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார்.

சிம்லா திரும்பிய பின் 1937இல் பிறந்தவையே ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார்’ என்னும் மூன்று பெரும் படைப்புகள். பிரம்மசாரிகள் ஐவர் வெற்று மார்பில் பூணூலும் இடையில் வெள்ளை வேட்டியுமாக அமர்ந்திருக்கும் காட்சியை நோக்குக. அங்கே நிகழ்ச்சி ஏதுமில்லை. கரிய மேனியும் வெண்ணிற ஆடையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைதி ஒன்றே உண்டு. பாரிஸில் கற்ற ஒளி நிழல் இங்கே பின்னுக்குச் செல்கிறது. சுவரோவியத்துக்குரிய தட்டையான வண்ணப்பரப்பும் திண்ணிய கோடும் முன்வருகின்றன.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சிறிது காலமே தங்கிய பயணியின் கண் இது. அந்த மக்களின் சிரிப்பும் பேச்சும் சந்தை இரைச்சலும் இப்படங்களில் எங்கே என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. நாம் அறிந்த சந்தையில் இத்தனை மௌனம் இல்லை. எனினும் அவர் அம்மக்களை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. பழங்காலக் குகை ஓவியங்களில் அரசர்க்கும் போதிசத்துவர்க்கும் கிடைத்த கம்பீரத்தைச் சந்தைக்கு நடக்கும் எளியவர்க்கு அளித்தார். அயலாரின் பார்வையில் குறையும் உண்டு; வீட்டார் பார்க்கத் தவறியதைக் கண்டெடுக்கும் நிறையும் உண்டு.

1938இல் உறவினரும் மருத்துவருமான விக்டர் ஈகனை மணந்த அம்ரிதா, பின்னர் கோரக்பூர் மாவட்டத்துச் சராயாவில் தந்தைவழி உறவினரின் பண்ணையில் வாழ்ந்தார். ‘பழங்கதை கூறுவோன்’, ‘ஊஞ்சல்’ முதலிய 1940ஆம் ஆண்டுப் படங்களில் சிற்றோவியத்தின் சிவப்பும் பச்சையும் ஒளிர்கின்றன. உருவங்கள் சிறுத்து நிலமும் வெளியும் விரிகின்றன. இத்திசையில் அவர் எவ்வளவு தூரம் சென்றிருப்பாரோ! 1941ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், தம் கண்காட்சி ஒன்று தொடங்கவிருந்த வேளையில், லாகூரில் இருபத்தெட்டாம் வயதில் காலமானார்.

அடுத்த தலைமுறை

தங்கை இந்திரா மணந்தவர் ஐ.சி.எஸ். அதிகாரியான கே. வி. கே. சுந்தரம். 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கியவர் இவரே. இவர்களின் மகன் விவான் சுந்தரம் (1943–2023) சிம்லாவில் பிறந்து, பரோடாவிலும் லண்டனிலும் ஓவியம் பயின்றார். பெரியம்மா மறைந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பின் பிறந்தவராதலால் அவரைக் கண்ணால் கண்டதில்லை. அவர் கண்டவை சுவரில் தொங்கிய ஓவியங்களும், பாட்டனார் எடுத்த புகைப்படங்களும், பெட்டியில் கிடந்த கடிதங்களுமே.

விவான் பெரியம்மாவின் பாணியைப் பின்பற்றவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1981இல் பூபேன் கக்கர், குலாம் முகம்மது ஷேக் முதலியோருடன் அவரும் பங்கேற்ற கண்காட்சி, மனித உருவத்தையும் அன்றாட வாழ்வையும் மீண்டும் ஓவியத்தின் நடுவில் நிறுத்தியது. 1983–84இல் ‘ஷேர்கில் குடும்பம்’ என்ற படத்தைத் தீட்டினார். 1991இல் வளைகுடாப் போரை எண்ணிக் கரியும் இயந்திர எண்ணெயும் கொண்டு வரைந்தார். அதன்பின் தூரிகையைவிட்டு நிறுவல் கலைக்கும் புகைப்படத்துக்கும் சென்றார். 2001இல் பாட்டனாரின் புகைப்படங்களைக் கணிப்பொறியில் இணைத்து, வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த குடும்பத்தாரை ஒரே சட்டத்துக்குள் சந்திக்க வைத்தார். 2010இல் அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் இரு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

ஆக, இக்குடும்பத்தில் கைமாறியது பாணியன்று. பார்க்கும் பழக்கமும், பார்த்ததைப் பாதுகாக்கும் பொறுப்புமே கைமாறின. ஒரு கடிதத்தையும் ஒரு புகைப்படத்தையும் எறிந்துவிடாத வீடாக அது இருந்தமையாற்றான் பேரனால் அவ்வேலையைச் செய்ய இயன்றது.

நாட்டின் உடைமை

அம்ரிதாவின் கணவரும் தந்தையும் அளித்த ஓவியங்கள் நாட்டின் உடைமையாயின. 1954இல் தில்லி ஜெய்ப்பூர் இல்லத்தில் திறக்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்தின் அடிப்படைத் தொகுப்பில் அவை முதன்மையிடம் பெற்றன. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1976இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டமையால், அவற்றை விற்று வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாது. 2023இல் அவருடைய ஓவியம் ஒன்று 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது நாளேடுகள் வியந்தன. அந்த விலையினும் பெரிது, பொதுமக்கள் எவரும் சென்று காணத்தக்க இடத்தில் அவை வைக்கப்பட்டிருத்தல்.

தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றி, ஊரும் இல்லை, மொழியும் நிலைக்கவில்லை, இரண்டுங்கெட்டான் என்று இரங்குவோர் பலர். அவ்விரக்கத்தில் உண்மை ஓரளவு உண்டு. ஆயினும் இரு நாடுகளுக்கும் பல மொழிகளுக்கும் இடையே வளர்ந்த ஒரு பெண், இந்த மண்ணைத் தானே தேடிச் சென்று கண்டுகொண்டாள் என்பதும் உண்மை. அவளுக்கு வீடு தந்தது முடிந்த விடையையன்று, தேடுவதற்கான கண்ணை. நாமும் ஊரிலிருந்து கொண்டுவந்த பழம் புகைப்படங்களையும் கடிதங்களையும் பரணிலிருந்து இறக்கி, அவற்றில் இருப்பவர் இன்னார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போமாக. விடுமுறை நாளொன்றில் அவர்களை ஜெய்ப்பூர் இல்லத்துக்கும் அழைத்துச் செல்வோமாக.