மணல் எழுத்தும் ரப்பர் கொட்டையும்



"பிள்ளையை விளையாடவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்?" என்று தோட்டத்துப் பெற்றோர் நம்மைக் கேட்பதுண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்களின் கேள்வி அது. அதைத் தட்டிவிட முடியாது. ஆனால் விளையாட்டாக எழுத்துச் சொல்லித் தருவது நேற்று வந்த மோஸ்தர் அன்று. நம் முன்னோர் ஊர்த் திண்ணைப் பள்ளியில் இருந்ததுதான்.

அங்கே பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். அடிக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டோம், செலவுக்குப் பயமில்லை. ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த மணல் எழுத்தைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. மாணவன் ஒருவனையே ஆசிரியனாக்கிச் செய்து காட்டினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் பரவியது.

கப்பலேறி மலாயா வந்த நம்மவரின் பிள்ளைகளுக்கு அது கிட்டியதா? பேராக் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில், 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் கொட்டகையைத் தந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் நடத்தினார். ஒரே அறையில் பல வகுப்புகள். அத்தனை பேரையும் அடக்கி வைக்க அவருக்கு இருந்த வழி, கூட்டாக ஒப்பிக்கச் செய்வது. ஆகவே 247 எழுத்துகளையும் ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளை, நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் விழித்தது.

1983-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப் பள்ளிக் கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் முதன்மைப்படுத்தி, வகுப்பறையில் குழு நடவடிக்கைகளுக்கும் விளையாட்டுக்கும் இடம் கொடுத்தது. அதைத் தமிழுக்கு ஏற்பச் செய்வது ஆசிரியர் கையில். நாங்கள் 'அ'வில் தொடங்குவதில்லை. அதன் சுழி சின்ன விரலுக்குக் கடினம். 'ட' இரண்டே கோடு. இன்னொரு கோடு சேர்த்தால் 'ப'. பிறகு 'ம'. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். நொண்டிக் கட்டங்களில் இவற்றை எழுதி, மிதிக்கும் எழுத்தைச் சொல்லச் சொல்கிறோம். ரப்பர் கொட்டைகளை அடுக்கி எழுத்து அமைக்கச் சொல்கிறோம்.

தாய்மார்களே, வீட்டிலும் ஒரு தட்டில் மணலோ மாவோ பரப்பிக் கொடுங்கள். ரப்பர் கொட்டைதான் இப்போது அரிதாகிவிட்டது. ஈப்போவைச் சுற்றிலும் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு, நாங்கள் புளியங்கொட்டைக்கு மாறிவிட்டோம்.