தானியம், ஆட்கள், தண்ணீர்: லெசோத்தோ எதை விற்று வாழ்ந்தது?

லெசோத்தோவைப் பற்றிய வளர்ச்சி அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே பல்லவியோடுதான் தொடங்கும்: மலைநாடு, கடற்கரை இல்லை, விளைநிலம் சொற்பம், அதனால் வறுமை. முதல் மூன்றிலும் பிழையில்லை. அவற்றிலிருந்து நான்காவதை வருவிப்பதுதான் வரலாற்றோடு ஒட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மக்கள் தானியத்தை வெளியே விற்றவர்கள். விற்றவர்கள் வாங்குபவர்களாக மாறியதற்கு மலை காரணமல்ல. மனிதர்கள் போட்ட எல்லைக்கோடும் அதற்குப் பின் வந்த சந்தையும்தான் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நான்கு புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட இந்நாட்டின் பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். இங்கே மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தபானா நிட்லென்யானா சிகரம் 3,482 மீட்டர். கிழக்கே மலோட்டி மலைகள் மேய்ச்சலுக்கும் ஆட்டு ரோமத்துக்கும் உரியவை. மேற்கே கலெடன் ஆற்றையொட்டி ஓடும் ஒடுங்கிய சமநிலப் பட்டையில்தான் உழவும், தலைநகர் மசெருவும், மக்களில் பெரும்பாலோரும். ஆற்றின் அக்கரை நிலம் இன்னும் விரிந்தது, வளமானது. அது இன்று தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம்.

1820களில் அப்பகுதியெங்கும் போரும் பஞ்சமும் மக்களைச் சிதறடித்தன. மொஷ்வேஷ்வே என்ற தலைவர் 1824இல் தாபா போசியு என்ற தட்டையுச்சி மலையில் அரண் அமைத்து, ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். இடம் மட்டுமல்ல, மாடும் கொடுத்தார். பாலும் உழைப்பும் பெறுபவருக்கு, மாடு மட்டும் அரசருக்கு என்பது ஏற்பாடு. பசோத்தோ என்ற மக்களினம் திரண்டதில் இந்த மாட்டுக் கடனுக்குப் பெரும் பங்குண்டு. 1833இல் வந்த பிரெஞ்சு மறைப்பணியாளர்களில் யூஜின் கசாலிஸ் அரசருக்கு வெளியுறவு ஆலோசகர் போலவே இயங்கினார். கோதுமையும் ஏர்க்கலப்பையும் பரவின. பக்கத்தில் குடியேறிய, டச்சு வழிவந்த போயர்களுக்கே பசோத்தோ உழவர்கள் தானியம் விற்றார்கள்.

அதே போயர்கள் 1854இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசை நிறுவினார்கள். 1858இலும் 1865 முதல் 1868 வரையிலும் போர் நடந்தது. பின்னதில் பயிரை எரிப்பதே போர்முறையாயிற்று. வேறு வழியின்றி மொஷ்வேஷ்வே கேட்ட பிரிட்டிஷ் பாதுகாப்பு 1868 மார்ச் 12இல் கிடைத்தது. ஆனால் 1869இல் கையெழுத்தான அலிவால் நார்த் உடன்படிக்கை, கலெடனுக்கு அக்கரையிலிருந்த விளைநிலத்தைப் போயர்களுக்கே விட்டுக்கொடுத்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்கும் தீர்மானம் 2023இல் மசெரு நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது.

நில இழப்பு ஒன்றையே காரணமாகக் காட்டுவோர் சறுக்கும் இடம் அடுத்து வருகிறது. நிலம் போன பிறகும் ஏற்றுமதி வீழவில்லை. கிம்பர்லியில் வைரம் தோண்டக் கூடிய கூட்டத்துக்குச் சோறு வேண்டியிருந்தது. 1873இல் மட்டும் சுமார் ஒரு லட்சம் மூட்டை தானியம் வெளியே போனது. முறிவு மெல்ல வந்தது. அக்கரையிலிருந்து வந்தவர்களும் சேர, இருந்த நிலத்தைத் தரிசு போடாமல் உழுதார்கள். மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகப் பிளந்தது. 1885இல் கிம்பர்லியை எட்டிய ரயில் வெளிநாட்டுக் கோதுமையைக் கொண்டுவந்து இறக்கியது. போயர் குடியரசுகள் சுங்கம் விதித்தன. 1896–97இல் வந்த மாட்டுக் கொள்ளைநோய் உழவு மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. குடிசை வரியை மட்டும் ரொக்கமாகவே கட்ட வேண்டியிருந்தது.

ரொக்கம் சுரங்கத்தில் கிடைத்தது. முதலில் கிம்பர்லி வைரம், 1886க்குப் பின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கம். தொடக்கத்தில் அந்தக் கூலியில் ஆண்கள் துப்பாக்கி வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றைப் பிடுங்க அப்போது இந்நாட்டை நிர்வகித்த கேப் காலனி அரசு 1880–81இல் தொடுத்த போர் தோல்வியில் முடிந்தது. 1884இல் லண்டன் நேரடி ஆட்சியை ஏற்றது. பிற்பாடு இந்நாடு தென்னாப்பிரிக்காவுக்குள் கரையாமல் 1966 அக்டோபர் 4இல் விடுதலை பெற்றதற்கு அந்தத் துப்பாக்கிகளும் ஒரு காரணம்.

1980களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் சுரங்கங்களில் இருந்தார்கள். ஆண்டில் பெரும்பகுதி கணவன் இல்லாத வீடுகளை மானுடவியலர் கோலின் மர்ரி 1981இல் வெளியான நூலில் விவரித்தார். 1975இன் உலக வங்கி அறிக்கையோ, நவீனப் பொருளாதாரம் தீண்டாத உழவர் நாடாகவே லெசோத்தோவைச் சித்திரித்தது. நூறாண்டாகச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிய நாட்டைப் பற்றி இப்படி எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இதை அம்பலப்படுத்தியவர் மானுடவியலர் ஜேம்ஸ் ஃபெர்குசன். தாபா-ட்ஸெக்கா மலைப்பகுதியில் கனடிய நிதியோடு நடந்த திட்டம், மாடுகளைக் குறைத்துச் சந்தையில் விற்கும்படி மக்களை வற்புறுத்தியது. யாரும் விற்கவில்லை, மேய்ச்சல் வேலிகள் அறுக்கப்பட்டன. அதிகாரிகள் இதை மூடப்பழக்கம் என்றார்கள். ஃபெர்குசனின் கணக்கு வேறு. சுரங்கத் தொழிலாளி அனுப்பும் பணத்தில் மனைவிக்கும் உறவுக்கும் உரிமை உண்டு. அது அடுப்புக்கும் துணிக்கும் கரைந்துவிடும். மாடாக மாற்றிவிட்டால் அவனைக் கேட்காமல் யாரும் விற்க முடியாது. உடம்பு தளர்ந்து ஊர் திரும்பும் நாளில் அதுவே ஓய்வூதியம், அதுவே ஊரில் அவனுக்குள்ள மரியாதை. பெண்கள் இந்த ஏற்பாட்டை எதிர்த்து முணுமுணுத்ததையும் அவர் மறைக்கவில்லை.

1990களில் தங்கச் சுரங்கங்கள் ஆட்குறைப்பில் இறங்கின. அதற்குள் மூன்றாவது சரக்கான தண்ணீர் தயாராகியிருந்தது. 1986 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா எல்லையை அடைத்தது. சில வாரங்களில் மசெருவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்டோபர் 24இல் மலைநீர்த் திட்ட உடன்படிக்கை கையெழுத்தானது. இந்த வரிசையைத் தற்செயல் என்று கொள்வது கடினம். 185 மீட்டர் உயரக் காட்சே அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழியே, ஈர்ப்பு விசையாலேயே நீர் ஜொகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. நடுவே முவெலாவில் 72 மெகாவாட் மின்சாரம். உரிமைத்தொகை அரசுக்கு வருகிறது. கட்டுமானத்தில் லஞ்சம் வாங்கிய திட்டத் தலைமை நிர்வாகியை மட்டுமன்றி, லஞ்சம் கொடுத்த கனடிய நிறுவனத்தையும் 2002இல் தண்டித்தது லெசோத்தோ நீதிமன்றம். பணக்கார நாடுகள் அன்று செய்யத் தயங்கிய வேலை அது.

2000க்குப் பின் அமெரிக்கச் சுங்கச் சலுகையை நம்பி ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ஆண்கள் சுரங்கத்திலிருந்து திரும்ப, பெண்கள் தையல் எந்திரங்களுக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் வாஷிங்டன் லெசோத்தோமீது 50 விழுக்காடு வரி அறிவித்து, பின்னர் 15ஆகக் குறைத்தது. அந்த இடைவெளியிலேயே ஆர்டர்கள் ரத்தாகி, பல தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மலைமேல் பொலிஹாலியில் அடுத்த அணையின் வேலை தொடர்ந்துகொண்டிருந்தது.