உளுவத்தலையனும் ரெண்டாங்கிளாஸ் காக்காவும்

பொம்மலாட்டம் நம்ம ஊர்ல எவ்வளவு பழசுன்னு யாராவது கேட்டா திருக்குறளைக் காட்டலாம். நாணுடைமை அதிகாரத்தோட கடைசிக் குறள் (1020), வெட்கங்கெட்டவனைக் கயிறு கட்டி ஆட்டுற மரப்பாவையோட ஒப்பிடுது. நாண்னா வெட்கம், நாண்னா கயிறு. வள்ளுவர் சிலேடை போட்டுட்டுப் போயிட்டார். படிச்சவங்களுக்கு அந்தப் பொம்மை என்னன்னு தனியா விளக்க வேண்டியிருக்கலை, அதைக் கவனிங்க.

நான் சொல்ல வந்தது திருவிழா பொம்மை இல்ல. சின்னப் பசங்க கையில பொம்மையைக் கொடுத்து, அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச கதையைத் திரும்பச் சொல்ல வைக்கிறாங்களே, அதைப் பத்தி. இது ஏதோ வெளிநாட்டு நர்சரி ஐடியான்னுதான் ரொம்பப் பேர் நினைக்கிறாங்க. நம்ம தோல்பாவைக்கூத்தைக் கொஞ்சம் உத்துப் பார்த்தா அப்படித் தோணாது.

தோல்பாவைக்கூத்து நடத்துறவங்க மண்டிகர் சமூகத்துக்காரங்க. வீட்டுல பேசுறது மராத்தி. தஞ்சாவூர் மராட்டியர் காலத்துல (1676-1855) தமிழ்நாட்டுக்கு வந்தவங்கன்னு அ.கா.பெருமாள் மாதிரி ஆய்வாளர்கள் சொல்றாங்க. வீட்டுல ஒரு மொழி, திரைக்குப் பின்னாடி இன்னொரு மொழி. வெள்ளைத் துணி, ஒரு விளக்கு, ஆட்டுத்தோல்ல வெட்டி வர்ணம் தீட்டின பொம்மைகள். ராமன், ராவணன், சீதை, அனுமார்... அத்தனை பேருக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுப்பார். (நாம ஒரு மீட்டிங்ல ஒரே குரல்ல பேசுறதுக்கே தொண்டை கட்டிக்குது!)

பார்க்க வந்த எல்லாருக்கும் ராமாயணம் தெரியும். கதை என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க யாரும் வரலை. தெரிஞ்ச கதைங்கிறதாலதான் குரலையும் கேலியையும் ரசிக்க முடிஞ்சது. நடுநடுவுல உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவாங்க. எந்த ராமாயணத்துலயும் இல்லாத ஆளுங்க. ராமர் ஏட்டுத்தமிழ் பேசினா, இவங்க சந்தைத்தமிழ் பேசுவாங்க, திட்டுவாங்க, ஊர்ச் சமாச்சாரத்தை இழுப்பாங்க. ஊர்ப்பேச்சுக்கு அந்தத் திரையில ஒரு இடம் இருந்தது.

பள்ளிக்கூடத்துல அந்த இடம் இல்ல. பிரச்சனையே அதுதான்னு நான் நினைக்கிறேன்.

எங்க ஊர் ஏரியூர். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணி வந்து நிக்கிற நாகமரைக்குப் பக்கம். எங்க தர்மபுரி மாவட்டத்துல தமிழோட தெலுங்கு, கன்னடம் பேசுற வீடுகளும் உண்டு. அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிட, ஆயாகிட்ட வளர்ற பசங்களும் உண்டு. இந்தப் பசங்க வகுப்புல வாயைத் திறக்கலைன்னா மந்தம்னு முத்திரை குத்திடறாங்க. மந்தமெல்லாம் இல்ல. புத்தகத்துல இருக்குற தமிழ் அவங்க வாயில இருக்குற தமிழ் இல்ல, அவ்வளவுதான்.

எங்க அக்கா பொண்ணு ரெண்டாங்கிளாஸ். பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லுன்னா, கையைக் கட்டிக்கிட்டு "ஒரு ஊரில் ஒரு பாட்டி இருந்தாள்"னு பாட வரி மாதிரி ஒப்பிச்சுட்டு நாலாவது வரியில நின்னுடுவா. என் பழைய கருப்பு சாக்ஸ்ல ரெண்டு சட்டைப் பொத்தானைத் தைச்சு, இதுதான் காக்கான்னு கொடுத்தேன். கட்டில் மறைவுல உட்கார்ந்துக்கிட்டு ஆரம்பிச்சா பாருங்க. "ஆயா, வடை சுட்டுக்கினு இருக்கியா? எனக்கு ஒண்ணு குடு, பசிக்குது!" பாட்டி ஆயா ஆயிட்டா. நரிக்கு இன்னொரு சாக்ஸ் கேட்டா. அவ சொன்னதுல காக்கா வடையைக் காலுக்கடியில வச்சுக்கிட்டுத்தான் பாடிச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிச்சேன். நாம கதை சொல்லும்போது "இருந்தாளாம், கேட்டுச்சாம்"னு ஆம் போட்டுத் தள்ளி நின்னு சொல்வோம். பொம்மை கைக்கு வந்ததும் அந்த ஆம் போயிடுது. காக்கா "நான்"னு பேசுது. தப்பு வந்தாலும் காக்கா மேலதான் பழி. ரெண்டு கையில ரெண்டு பொம்மை இருந்தா அடுத்து யார் பேசணும்னு கையே ஞாபகப்படுத்துது. முன்பின் குழம்புறதும் குறையுது.

இந்தியாவுல இந்த வழியை யோசிச்சவங்க ஏற்கனவே இருக்காங்க. வக்கீலா இருந்து வாத்தியாரான கிஜுபாய் பதேகா 1920-ல பாவ்நகர்ல பாலமந்திர் தொடங்கினார். 1932-ல வந்த அவரோட 'திவாஸ்வப்னா' (தமிழ்ல 'பகல் கனவு') புத்தகத்துல நாலாங்கிளாஸ் பசங்களுக்கு வாத்தியார் முதல்ல செய்யுற வேலையே கதை சொல்றதுதான். பொம்மை கிடையாது. ஆனா கேட்ட கதையைப் பசங்க மனப்பாடம் பண்ணாம, சொந்த வார்த்தையில நடிக்கிறாங்க. டெல்லியில 1979-ல தொடங்கின பண்பாட்டு வளப் பயிற்சி மையம் (சிசிஆர்டி) பொம்மை செய்யவும் அதை வச்சுப் பாடம் நடத்தவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நம்ம மாநிலத்துல 2022-ல வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல ஒண்ணு முதல் மூணு வரைக்குமான வகுப்புகளைப் பல களங்களாப் பிரிச்சாங்க. அதுல பொம்மலாட்டக் களமும் ஒண்ணு. காகிதத்துல நல்ல யோசனைதான்.

நடைமுறை? நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துல பொம்மைங்க அழகா ஆணியில தொங்குது, வாத்தியார் தலை உயரத்துல. ஆய்வுக்கு யாராவது வந்தா வாத்தியாரே எடுத்து ஆட்டிக் காட்டுவார், பசங்க கைதட்டுவாங்க. கதை சொல்றது அப்பவும் வாத்தியார்தான், அதுவும் புத்தகத் தமிழ்ல.

கூத்துக்காரங்க வீட்டுல இப்படி இல்ல. திரைக்குப் பின்னாடி பொம்மைகளைக் காட்சி வரிசைப்படி அடுக்கி எடுத்துக் கொடுக்கிறது வீட்டு ஆளுங்க வேலை. அடுத்து யார் வரணும்னு தெரியாம அந்த வேலையைச் செய்ய முடியாது. ராத்திரி ராத்திரியா அப்படி எடுத்துக் கொடுத்தே, வீட்டுல மராத்தி பேசின பசங்க தமிழ்ல ராமாயணம் சொல்லக் கத்துக்கிட்டாங்க.

வர்ற பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ ஜோடி தொலைஞ்ச சாக்ஸ் எல்லாத்தையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறேன். சிங்கத்துக்குப் பிடரி வைக்க மட்டும் தேங்காய் நார் தேடணும். முயலுக்கு வெள்ளை சாக்ஸ் இருக்கு.