ஒலிபெருக்கியில் வந்த இணையம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

"ஸ்மார்ட் சிட்டி" திட்டப் பட்டியலில் புதுச்சேரி சேர்ந்தது 2017 ஜூன் மாதத்தில். ஆனால் கணினியைக் கொண்டு சாதாரண மக்களுக்கு உதவ முடியுமா என்ற சோதனை அதற்கு 19 ஆண்டுகள் முன்பே நம் பக்கத்தில் நடந்தது. ரெட்டியார்பாளையம், அரும்பார்த்தபுரம் தாண்டினால் வில்லியனூர். அங்கேதான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உழவர்கரைப் பிள்ளைகள் பலருக்கு இந்த வரலாறு தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியுடன் "தகவல் கிராமம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் போன் இருந்தாலே பெரிய விஷயம். கிராமத்தில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் எம்பலம், வீராம்பட்டினம், கீழூர், நல்லவாடு போன்ற ஊர்களில் கணினி வைத்தார்கள். கீழூரை மறந்திருக்க மாட்டீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்த ஊர். வகுப்பில் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

அவர்கள் கணினியைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். "உங்களுக்கு என்ன தகவல் தேவை? இப்போது யாரிடம் கேட்கிறீர்கள்?" மக்கள் பெரும்பாலும் கடைக்காரரிடமும், சந்தையிலும், உரம் விற்பவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். தேவைப்பட்டதோ நெல் விலை, ஆஸ்பத்திரி நேரம், பஸ் நேரம், எந்த அரசு உதவிக்கு யார் தகுதி என்பது போன்ற செய்திகள்.

பிறகு ஊருக்கு நிபந்தனைகள் வைத்தார்கள். பொது இடத்தில் வாடகை இல்லாமல் ஓர் அறை தர வேண்டும். சாதி, ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் உள்ளே வரலாம். கணினியை இயக்க ஊரிலிருந்தே தொண்டர்கள் வேண்டும். அந்தத் தொண்டர்களில் பெண்கள் நிறையப் பேர். கணினியைக் கண்ணால் பார்த்திராத பெண்கள் அதைக் கற்றுக்கொண்டு ஊருக்கே செய்தி சொன்னார்கள்.

போன் கம்பி சரியாக இல்லாததால் வில்லியனூர் மையத்திலிருந்து கிராமங்களுக்கு ரேடியோ அலை வழியாகத் தகவல் அனுப்பினார்கள். மின்சாரத்துக்குச் சூரிய ஒளித் தகடுகள். இருக்கிறதை வைத்துச் சமாளித்த வேலை அது.

வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது வேறு: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயர முன்னறிவிப்பு கிடைத்தது. அதை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலை பின்னுகிறவர், மீன் விற்கிற அம்மா, பள்ளிக்கூடமே போகாத தாத்தா எல்லோர் காதிலும் விழுந்தது. அவர்களில் யாரும் கணினியைத் தொட வேண்டியிருக்கவில்லை. 2001-இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அன்று கணினி எந்த முன்னறிவிப்பும் தரவில்லை. இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் வந்ததே 2007-இல்தான். நல்லவாட்டைக் காப்பாற்றியது ஒரு போன், ஓர் ஒலிபெருக்கி, அந்தக் குரல் கேட்டால் நம்பி ஓடலாம் என்ற பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தினமும் செய்தி சொல்லிச் சொல்லி உண்டாக்கியவர்கள் ஊர்த் தொண்டர்கள்.

இப்போது நம் உழவர்கரைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் நம் நகராட்சியின் மக்கள்தொகை 3 லட்சம். புதுச்சேரி நகராட்சியைவிடப் பெரிது. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்ல ஒரு கவுன்சிலர் இல்லை. 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்ததோடு சரி. அதனால் மற்ற ஊர்களைவிட நமக்கு இணைய சேவை அதிகம் தேவை. வரி கட்டவும், சான்றிதழ் வாங்கவும், புகார் சொல்லவும் அது நல்ல வழிதான். வரிசையில் நின்று கால் வலித்த எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் "ஆன்லைனில் போடுங்கள்" என்று சொல்லி வயதானவர்களைத் திருப்பி அனுப்பும் கவுன்டர்களையும் பார்க்கிறேன். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். இணையம் வழியாகக் கொடுக்கும் முறை 2014-இல் வந்தது. வயதானால் விரல் ரேகை தேய்ந்துவிடும், இயந்திரம் ஏற்காது. 2021-இல் முகத்தைக் காட்டும் முறையும் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியைக்கு ரேகை விழாமல் இரண்டு நாள் அலைந்தார். முகத்தைக் காட்டினால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவி தன் போனிலேயே ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள். வசதி இருந்தது. எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை.

எம்பலத்திலும் வீராம்பட்டினத்திலும் அந்த ஆள் இருந்தார். நகராட்சிகள் செய்ய வேண்டியதும் அதுதான். முதலில் மக்களைக் கேட்க வேண்டும். எல்லாம் நல்ல தமிழில் இருக்க வேண்டும். வார்டுக்கு ஒரு பொது இடத்தில், நூலகமோ பள்ளியோ, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் உட்கார்ந்து உதவ வேண்டும். போன் இல்லாதவருக்குக் கவுன்டர் திறந்தே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

என் மாணவர்களில் பலர் இன்று கணினித் துறையில் இருக்கிறீர்கள். சிலர் அரசு அலுவலகங்களிலும் இருக்கிறீர்கள். வழக்கம்போல் உங்களுக்கு வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்கள் தெருவில் வயதான ஒருவரைப் பார்த்து, எந்த வேலைக்காக அலைகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் முடித்துக் கொடுங்கள். என்ன தடை வந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து நகராட்சிக்கு ஒரு மனுவாகக் கொடுப்போம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள், நான் திருத்துவேன்!